கடைசியாகக் குளிப்பவருக்கு ஏன் பச்சைத்தண்ணீர்?



குளிர்காலம் தொடங்கினால் எமது நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் சுடுதண்ணீர் பற்றிய முறைப்பாடு ஒன்றாவது இருக்கும். "ஆறு பேர் இருக்கிற வீடு, நாலாவது ஆளோடு முடிஞ்சுபோகுது" என்பார் ஒருவர். "சூடு இருக்கு, ஆனால் நூல் மாதிரித்தான் வருது" என்பார் இன்னொருவர். இவை இரண்டும் ஒரே குறைபாடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முதலாவது கொள்ளளவுப் பிரச்சினை. இரண்டாவது அமுக்கப் பிரச்சினை. இது தெரியாமல் பெரிய தாங்கி வாங்கிப் பூட்டிவிட்டு, அதே நூல் போன்ற தண்ணீரில் நின்று குளிக்கும் குடும்பங்கள் உண்டு. எந்த வீட்டில் எது நடக்கிறது என்பது அந்த வீடு கட்டப்பட்ட காலத்தைப் பொறுத்தது. ஆகவே இம்மாதம் இதை வரலாறாகவே சொல்லப்போகிறேன்.

ஊரில் எங்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே நிற்கும் தண்ணீரைத் துலாவாலோ கப்பியாலோ இறைத்துக் கிணற்றடியில் நின்று குளித்தோம். சுடுதண்ணீர் என்பது காய்ச்சல்காரருக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கு இலை அவித்து வார்க்கும் வேது தண்ணீருக்கும் உரியது. கிடாரத்தில் கொதிக்க வைத்து, வாளியில் தூக்கிக்கொண்டு போய் விளாவினார்கள். இயற்கையாகச் சுடுதண்ணீர் வேண்டுமானால் திருகோணமலைக் கன்னியாவுக்குப் போகவேண்டும். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்று வித்தியாசம். இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது கதை.

அமுக்கம் என்ற பேச்சு எங்கள் வாழ்வில் வந்தது, வளவுக்குள் தூண் எழுப்பி மேலே தண்ணீர்த் தாங்கி கட்டி மோட்டரால் ஏற்றத் தொடங்கியபோதுதான். தாங்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம் குழாயில். 1990க்குப் பின் வருடக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோது அந்தத் தாங்கிகள் வெறுமையாக நின்றன, எல்லோரும் மறுபடி வாளியும் கயிறுமாகக் கிணற்றடிக்குப் போனோம். அந்த உயரக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள். ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 கிலோபஸ்கால் அமுக்கம். பிறகு தேவைப்படும்.

இந்த நாட்டு நகரங்களுக்குத் தண்ணீர் வந்ததும் அதே உயரக் கணக்கில்தான். மெல்பேர்ணுக்கு வடக்கே யான் யீன் நீர்த்தேக்கம் 1857 டிசம்பர் 31ஆம் திகதி திறக்கப்பட்டது. பம்ப் எதுவும் இல்லாமல் உயரத்தாலேயே தண்ணீர் நகரத்துக்கு ஓடியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் பிளக்பேர்ண் லண்டனில் கழிவுநீர்க் கால்வாய்ப் பரிசோதகராக இருந்தவர். பணக்கஷ்டத்தில் 1833இல் ஒரு காசோலையைப் பொய்யாக எழுதி, கைதியாக இன்றைய தஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். பின்னர் மன்னிப்புக் கிடைத்து மெல்பேர்ணுக்கு வந்தார். நீர்த்தேக்கம் திறப்பதைக் காணாமல் 1854இல் காலமானார். காசோலைகளோடு காலம் கழிக்கும் என் போன்ற கணக்காளருக்கு அவர்மேல் ஒரு தனி இரக்கம்.

சிட்னியின் கதை இன்னும் நீளம். 1788இல் ஒரு சிற்றோடையில் தொடங்கி, கைதிகள் வெட்டி 1837இல் முடித்த பஸ்பியின் சுரங்கக் கால்வாய், பொட்டனிச் சதுப்புநிலம் என்று அலைந்து, 1888இல் மேல் நேப்பியன் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அத்திட்டத்தின் தண்ணீரும் கால்வாய்களில் தானாகவே ஓடிவந்து ப்ரொஸ்பெக்ற் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், கிராவீன் பக்கத்து நேயர்களுக்கு அது பிள்ளைகளோடு போய்க் காற்று வாங்கும் இடம். 1960இல் வொரகம்பா அணை முடிந்தபோது பெருநகர் ஒன்றுக்குப் போதுமான தண்ணீர் கிடைத்தது. ஆனால் இவை எல்லாம் பச்சைத்தண்ணீர். அதைச் சூடாக்குவது வீட்டுக்காரரின் பாடு.

வெள்ளைக்காரர் வீடுகளிலும் நெடுங்காலம் கிடாரம்தான். வீட்டின் பின்புறம் சலவைக் கொட்டிலில் செப்புக் கிடாரம் ஒன்று பதித்திருப்பார்கள். திங்கட்கிழமை துணி அவிக்கவும், வாரத்துக்கு ஒரு தடவை குளிக்கவும் அதுவே. ஒரே தொட்டித் தண்ணீரில் ஒருவர்பின் ஒருவராகப் பிள்ளைகள் இறங்கினார்கள். தினமும் இருமுறை குளித்த எங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். விறகு வெட்டிக் கொதிக்க வைப்பவருடைய முதுகை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

1868இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் மோன் என்பவர் காஸ் எரித்து ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் கருவியைச் செய்தார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரால் அதைக் 'கீசர்' என்றார். தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் சொல் அது. காஸ் இல்லாத அவுஸ்திரேலிய வீடுகளில் 'சிப் ஹீற்றர்' என்ற உருளை அடுப்பு குளியலறையிலேயே நின்றது. மரச்சீவல், பழைய பத்திரிகை, பைன் காய் எல்லாம் போட்டு எரிக்க, சுடுதண்ணீர் தொட்டிக்குள் விழும். 1960கள் வரையும் பல வீடுகளில் அது இருந்தது. அமுக்கம் தாங்கும் கருவி அல்ல அது. ஒரு முனை திறந்தேயிருக்கும். விழுகிற தண்ணீர்தான், பாய்கிற தண்ணீர் அல்ல.

இனித்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

மின்சாரத் தாங்கிகள் பரவியபோது அவை செப்பால் செய்யப்பட்டவை. மெல்லிய செம்பு தெருக்குழாயின் அமுக்கத்தைத் தாங்காது. ஆகவே தாங்கியைச் சீலிங்குக்கு மேலே கூரைக்குள் வைத்து, பக்கத்தில் மிதவை வால்வு உள்ள சிறு தொட்டியால் நிரப்பினார்கள். அங்கிருந்து ஷவருக்கு வரும் அமுக்கம் உயரத்தால் மட்டும் வருவது. ஒரு மீற்றர் உயரமென்றால் 10 கிலோபஸ்கால். பக்கத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாயிலோ தெரு அமுக்கம். கட்டடத்துக்குள் அதன் உச்சவரம்பு 500 கிலோபஸ்கால். ஐம்பது மடங்கு வரை வித்தியாசம் இருக்கலாம்! பழைய வீட்டை வாங்கிய சிலர் குளியலறையைத் திருத்தும்போது ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாயைப் பொருத்துகிறார்கள். பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீரைத் தள்ளிவிடுகிறது. பிறகு ஹீற்றரைத் திட்டுகிறார்கள். ஹீற்றர் தன் காலத்துக் குழாய்க்கு ஏற்றபடி சரியாகத்தான் வேலை செய்கிறது.

தெரு அமுக்கத்தைத் தாங்க உருக்குத் தாங்கி வேண்டும். உருக்கோ துருப்பிடிக்கும். அமெரிக்காவில் 1930களில் உருக்கின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமலை உருக்கிப் பூசும் முறை வந்தது. பூச்சில் தவறிய சிறு துவாரங்களைக் காக்க உள்ளே ஒரு மக்னீசியத் தண்டைத் தொங்கவிட்டார்கள். உருக்குக்குப் பதிலாக அந்தத் தண்டு கரைந்துபோகும். இந்த வகைத் தாங்கி இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நாட்டில் பரவியது. தரையில், வீட்டுக்கு வெளியே நிற்கும் வெள்ளை உருளைகளின் வம்சம் அதுதான். தண்டை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் தாங்கியின் ஆயுள் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. விற்பவரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அடுத்தது எரிபொருள். சிட்னியிலுள்ள அண்ணனும் மெல்பேர்ணிலுள்ள தங்கையும் சுடுதண்ணீர் பற்றிப் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. காரணம் வரலாறு. நியூ சவுத் வேல்ஸில் நிலக்கரி மின்நிலையங்களை இரவில் நிறுத்தி வைக்க முடியாது. யாரும் பாவிக்காத அந்த இரவு மின்சாரத்தை 'ஒஃப் பீக்' என்று மலிவாக விற்றுத் தாங்கிகளைச் சூடாக்க வைத்தார்கள். விக்டோரியாவிலோ பாஸ் நீரிணையின் இயற்கை வாயு 1969இல் மெல்பேர்ணை வந்தடைந்தது, வீடு வீடாக அடுப்புகளும் ஹீற்றர்களும் மாற்றப்பட்டன. சிட்னிக்கு மூம்பாவிலிருந்து வாயு 1976இல்தான் வந்தது. ஆகவே சிட்னி வீட்டில் இரவு மின்சாரத் தாங்கியும் மெல்பேர்ண் வீட்டில் காஸும் வழக்கமாயின. சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தும் ஹீற்றரை 1950களில் மெல்பேர்ணில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் பொறியியலாளர் ரொஜர் மோர்ஸ் ஆராய்ந்து வடிவமைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மலிவான நிலக்கரியும் வாயுவும் இருந்த இடத்தில் வெயிலை நாடியவர் குறைவு.

1983க்குப் பின் நாங்கள் வந்து வாங்கிய வீடுகளில் அநேகமானவை போருக்குப் பிந்திய காலத்தவை. மூன்று படுக்கையறை, ஒரு குளியலறை. தாய் தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று கணக்கிட்டுக் கட்டியவை. அதில் அம்மம்மா, அப்பப்பா, புதிதாக வந்த தம்பி என்று ஏழெட்டுப் பேர் இருந்தோம். பின்னால் இரண்டு அறையும் இன்னொரு குளியலறையும் சேர்த்துக் கட்டினோம். தாங்கி மட்டும் பழைய சலவை அறைப் பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது.

சிட்னி வீட்டின் கணக்கைப் பாருங்கள். 250 லீற்றர் தாங்கி, 60 பாகை செல்சியஸ். குளிர்காலத்தில் குழாய்த்தண்ணீர் 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். 40 பாகையில் குளிக்க, ஷவரில் வருவதில் பாதிக்குச் சற்று மேல் தாங்கியிலிருந்து வரவேண்டும். நிமிடத்துக்கு 15 லீற்றர் கொட்டும் பழைய ஷவர் என்றால் மொத்தம் அரை மணித்தியாலம். 9 லீற்றர் ஷவர் என்றால் ஏறக்குறைய 50 நிமிடம். ஆளுக்கு எட்டு நிமிடமென்றால் முதலாவதில் நாலாவது ஆளோடு முடிகிறது, இரண்டாவதில் ஆறு பேர் குளிக்கலாம். தாங்கி மாற்றவில்லை, ஷவர் தலையை மட்டும் மாற்றினோம். இது பற்றாமல் போனால் இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்தத் தாங்கியை மறுபடி சூடாக்க ஏறக்குறைய 13 யூனிற் மின்சாரம் வேண்டும். 3.6 கிலோவாற் கம்பிச்சுருளுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை. உங்கள் இணைப்பு இரவு மட்டும் ஓடுவதாக இருந்தால், காலையில் தீர்ந்த சுடுதண்ணீர் அடுத்த நடுஇரவுக்குப் பிறகுதான் வரும். பகலிலும் சில மணித்தியாலம் ஓடும் இரண்டாவது வகை ஒஃப் பீக் இருக்கிறதா என்று மின்சார நிறுவனத்தைக் கேளுங்கள். யூனிற் விலை சற்றுக் கூடும். பெரிய தாங்கி வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

அந்த வீடுகளில் கடைசியாகக் குளிப்பவர் யார் என்பதையும் கவனித்திருக்கிறேன். அநேகமாக அம்மா அல்லது மருமகள். எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிடுகிறவர். அவருக்குக் கிடைப்பது ஜூலை மாதத்துப் பச்சைத்தண்ணீர். இது பிளம்பிங் சங்கதி மட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மெல்பேர்ணில் பரவலான, தாங்கி இல்லாத காஸ் ஹீற்றருக்குக் கணக்கு வேறு. அது தீராது என்று விளம்பரம் சொல்லும். உண்மைதான், ஆனால் பங்கு போட்டால் குறையும். '26 லீற்றர்' என்ற எண், தண்ணீரை 25 பாகை கூட்டிச் சூடாக்கும்போது நிமிடத்துக்கு வரும் அளவு. குளிர்காலத்தில் 10 பாகையிலிருந்து 40க்கு ஏற்றவேண்டுமானால் 30 பாகை. அப்போது 26 அல்ல, 22க்குச் சற்றுக் குறைவு. 9 லீற்றர் ஷவர் இரண்டு ஓடலாம். அந்த நேரம் குசினியில் யாராவது சட்டி கழுவினால் மேலே குளிப்பவர் சத்தம் போடுவார். '16 லீற்றர்' கருவியென்றால் 13 லீற்றர்தான், ஒரு ஷவருக்கு மேல் தாங்காது.

1997 முதல் 2009 வரை நீடித்த பெருவறட்சி இந்த வரலாற்றின் இன்னொரு படி. ஷவர்களுக்கும் குழாய்களுக்கும் நட்சத்திர முத்திரை இடும் சட்டம் 2005இல் வந்தது. மூன்று நட்சத்திர ஷவரின் உச்சம் நிமிடத்துக்கு 9 லீற்றர். மெல்பேர்ணில் பழைய ஷவர் தலையைக் கொடுத்தால் புதியதை இலவசமாகத் தந்தார்கள். நல்ல காரியம். ஆனால் தெரு அமுக்கத்துக்கென்று செய்த அந்த ஷவரைக் கூரைத் தாங்கி உள்ள வீட்டில் பூட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தெரு அமுக்கத் தாங்கி வைப்பதுதான் பரிகாரம்.

சூட்டைப் பற்றி ஒன்று, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நுரையீரல் நோய்க்குக் காரணமான லெஜியனெல்லா பக்ரீரியா, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பெருகுவது. அதனால் தாங்கியில் தண்ணீர் 60 பாகைக்குக் குறையக்கூடாது என்பது விதி. மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று அதை 45க்கு இறக்கி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அதே 60 பாகைத் தண்ணீர் வளர்ந்தவரின் தோலை ஐந்து விநாடியில் ஆழமாக அவித்துவிடும். 50 பாகையென்றால் ஐந்து நிமிடம் எடுக்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இதைவிடக் குறைந்த நேரம் போதும். ஆகவேதான் 1990களின் பிற்பகுதியிலிருந்து புதிய வீடுகளிலும் ஹீற்றர் மாற்றும்போதும், குளியலறைக்குப் போகும் தண்ணீரை 50 பாகைக்கு மட்டுப்படுத்தும் ரெம்பரிங் வால்வு வந்தது. 1980களின் ஹீற்றர் இன்னும் உள்ள வீட்டில் அது இருக்காது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்த தாத்தா அந்த வீட்டில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முதல் அதைப் போடுங்கள்.

இந்த வால்வே சில வீடுகளில் அமுக்கக் குறைவுக்கும் காரணம். அதன் வாயிலுள்ள சிறு வலையில் மணலும் துருவும் அடைத்துவிடும். பிளம்பர் கழற்றிக் கழுவினால் தீரும். பழைய நாகம் பூசிய இரும்புக் குழாய் என்றால் அப்படித் தீராது. உள்ளே துரு வளர்ந்து வழி பாதியானால், ஓட்டம் பாதியாவதில்லை, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். சுடுதண்ணீர்ப் பக்கக் குழாய்தான் முதலில் அப்படிப் போகும். பம்ப் பூட்டினால் துருவுக்கூடாகத் தள்ளுவதுதான் மிச்சம். அந்தக் குழாயைச் செம்பாலோ பிளாஸ்ரிக்காலோ மாற்றுவதே வழி.

எது உங்கள் வீட்டுச் சங்கதி என்று அறிய 10 லீற்றர் வாளியும் மணிக்கூடும் போதும். ஒரே குழாயில் பச்சைத்தண்ணீரால் ஒருமுறையும் சுடுதண்ணீரால் ஒருமுறையும் நிரப்பி நேரத்தை எழுதுங்கள். இரண்டும் மெதுவென்றால் தெரு இணைப்பிலோ பிரதான குழாயிலோ குறை. சுடுதண்ணீர் மட்டும் மெதுவென்றால் வால்வு, துருப்பிடித்த குழாய், அல்லது கூரைத் தாங்கி. இரண்டும் வேகமாக வந்தும் இடையில் ஆறிப்போனால் கொள்ளளவு. தூரத்துக் குளியலறையில் சூடு வர நேரம் எடுப்பது இன்னொன்று. 20 மில்லிமீற்றர் குழாய் மீற்றருக்குக் கால் லீற்றர் தண்ணீரை வைத்திருக்கும். 15 மீற்றர் என்றால் நாலு லீற்றருக்குக் கிட்ட ஆறின தண்ணீர் முதலில் ஓடித்தான் ஆகவேண்டும். ஹீற்றர் மாற்றும் வேளை வரும்போது அதைப் பழைய சலவை அறைப் பக்கத்திலேயே வைக்கவேண்டுமென்று கட்டாயமில்லை. இரண்டு குளியலறைக்கும் நடுவில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். சுவருக்குள்ளும் தாங்கியிலும் கைவைக்கும் வேலைக்கு அனுமதிப்பத்திரம் உள்ள பிளம்பர் வேண்டும், தெரிந்த தம்பி ஒருவர் செய்து தருவார் என்று விடாதீர்கள்.

இப்போது வரலாறு மறுபடி திரும்புகிறது. விக்டோரியாவில் திட்டமிடல் அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு 2024 ஜனவரி 1 முதல் காஸ் இணைப்பு இல்லை. காஸுக்குப் பதிலாக வருவது ஹீற் பம்ப், குளிர்சாதனப் பெட்டியைத் தலைகீழாக்கியது போன்ற தாங்கி. காற்றிலுள்ள வெப்பத்தை எடுப்பதால் சாதாரண மின்சாரத் தாங்கியின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே போதும். ஆனால் மெதுவாகத்தான் சூடாக்கும். எட்டுப் பேர் உள்ள வீட்டில் 170 லீற்றர் ஒன்றை மானியத்தோடு மலிவு என்று பூட்டிவிட்டால் பழைய கதைதான். பூட்ட வருபவரிடம் விலையைக் கேட்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை லீற்றர், தீர்ந்தால் மறுபடி சூடாக எத்தனை மணித்தியாலம்.